ஒரே பிழைக்கு மூன்று எண்: சாக்கெட் லைப்ரரி எழுதிப் பார்த்த கதை

மூன்று மாதமாக, இரவில் கிடைக்கிற நேரத்தில் ஒரு சின்ன நெட்வொர்க் லைப்ரரி எழுதி வருகிறேன். சி++ தான். பெரிய கனவெல்லாம் இல்லை. டிசிபி (இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை), யுடிபி (இணைப்பில்லாமல் பாக்கெட் அனுப்பும் முறை) இரண்டையும் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஒரே மாதிரி கூப்பிட முடிந்தால் போதும். தரவு அனுப்புவதும் வாங்குவதும் முதல் இரண்டு வாரத்திலேயே ஓடிவிட்டன. மீதி நாள் முழுக்கப் பிழைகளோடுதான் குடித்தனம்.

ஆரம்பித்தது லினக்ஸில். ஒரு கால் (call, ஃபங்ஷன் அழைப்பு) -1 கொடுத்தால் எர்நோவை, அதாவது கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறியைப் பார்க்க வேண்டும், அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. விண்டோஸுக்குப் போகும்போது ஒரு மேக்ரோவை (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் சுருக்கப் பெயர்) மாற்றினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் விண்டோஸ் சாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் பேச நிரல் திறக்கும் முனைகள்) எர்நோவைத் தொடுவதே இல்லை. ‘டபிள்யூஎஸ்ஏ கெட்லாஸ்ட்எரர்’ என்ற தனி ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் எண்ணை வாங்க வேண்டும். அந்த எண்களும் வேறு.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எதிர்முனை இணைப்பை மறுத்தால் லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. எதிர்முனை இணைப்பை முறித்தால் 104, 54, 10054. ‘இப்போது எதுவும் இல்லை, அப்புறம் வா’ என்பதற்கு 11, 35, 10035. மேக் எண்ணோடு 10000 கூட்டினால் விண்டோஸ் எண்! விண்டோஸின் சாக்கெட் லைப்ரரியான வின்சாக், பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் சாக்கெட்டைப் பார்த்து உருவானது. மேக்கும் பிஎஸ்டி வழி வந்தது. லினக்ஸ் மட்டும் தன் போக்கில் எண் போட்டுக்கொண்டது. இதைக் கண்டுபிடித்ததால் எனக்கு ஒரு வரி கோடு (code) கூட மிச்சமாகவில்லை, ஆனாலும் அன்றைக்கு முழுக்க ஒரே குஷி.

குஷி அடங்கியது விண்டோஸில் ஓட்டிப் பார்த்தபோது. கம்பைல் ஆகிறது, ஒரு எச்சரிக்கை கூட இல்லை. ஆனால் இணைப்பு கிடைத்த மறுகணமே முறிகிறது. ‘அப்புறம் வா’ என்ற பதிலை என் கோடு உண்மையான பிழையாக எடுத்துக்கொண்டு சாக்கெட்டை மூடிவிடுகிறது. எண்ணை வின்சாக்கிடமிருந்துதான் வாங்குகிறேன், ஒப்பிடுவதும் அந்தப் பிழை எண்ணுக்கு வைத்திருக்கும் சரியான பெயரோடுதான். இரண்டு இரவு போனது. பிறகுதான் புரிந்தது: விஷுவல் ஸ்டூடியோ 2010 முதல் அதன் எர்நோ ஹெடரிலும் (பெயர்களை அறிவிக்கும் ஃபைல்) போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தர வரையறையின் சாக்கெட் பிழைப் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, ஆனால் வேறு எண்களோடு. ‘அப்புறம் வா’வுக்கு அங்கே 140. வின்சாக் கொடுப்பது 10035. பெயர் இல்லாமல் கம்பைல் தோற்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். பெயர் இருந்ததுதான் வினை.

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இயங்குதளத்தின் பிழை எண் லைப்ரரிக்குள் ஒரே ஒரு ஃபைலைத் தாண்டி வெளியே வரக்கூடாது. அங்கேயே என் சொந்தப் பிழைப் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். மூல எண்ணையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். பட்டியலில் இல்லாத எண் வந்தால் ‘தெரியாத பிழை’ என்ற பெயரோடு அந்த எண்ணும் லாக்கில் விழும். மூல எண்ணைத் தூக்கி எறிந்த என் முதல் வடிவத்தைத் திட்டாத நாளில்லை.

எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது என்பது அடுத்த பாடம். காத்திராத சாக்கெட்டில் (வேலை முடியும்வரை நிரலை நிறுத்தி வைக்காதது) இணைப்பு கேட்கும் கனெக்ட்டைக் கூப்பிட்டால் லினக்ஸும் மேக்கும் ‘வேலை நடக்கிறது’ என்கின்றன. அதே இடத்தில் விண்டோஸ் சொல்வது 10035, தரவு வாங்கும் ரிசீவில் சொல்லும் அதே ‘அப்புறம் வா’. எந்தக் காலிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதன் பொருளைச் சொல்ல முடியாது. ஆகவே மாற்றும் ஃபங்ஷனுக்குக் காலின் பெயரையும் ஒரு ஆர்கியூமென்ட்டாகக் கொடுத்தேன். பார்க்க அழகாக இல்லை. வேறு வழியும் தெரியவில்லை.

சின்னச் சின்ன அசட்டுத்தனங்களும் உண்டு. ஒரு நாள் லாக்கில் ‘பெயரைத் தேட முடியவில்லை: சக்ஸஸ்’ என்று வந்து நின்றது. பெயரை முகவரியாக்கும் கெட்அட்ரஇன்ஃபோ தன் பிழையை எர்நோவில் வைப்பதில்லை. திருப்பித் தரும் மதிப்பே பிழை எண், அதற்குத் தனி எண் வரிசை, உரையாக்கத் தனி ஃபங்ஷன். நான் எர்நோவைப் படித்தேன், அதில் பூஜ்யம் இருந்தது. இன்னொரு நாள் சாக்கெட்டில் அனுப்பியதற்கு ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று பிழை. சாக்கெட்டுக்கும் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்? பிழையைப் படிப்பதற்கு முந்தின வரியில் லாக் எழுதியிருந்தேன். என் லாகர் பழைய லாக் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததால் எர்நோவை 2 ஆக்கிவிட்டுப் போயிருந்தது. இப்போது கால் தோற்ற அடுத்த வரியிலேயே எண்ணை ஒரு மாறியில் பிடித்து வைக்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, அசர்ட்டுக்கு வருகிறேன்: ‘இது உண்மையாக இருந்தே தீர வேண்டும்’ என்று கோடில் எழுதும் சோதனை, பொய்யானால் நிரலையே நிறுத்திவிடும். அதிகம் சூடுபட்டது இங்கேதான்.

முதலில் சியோடு வரும் சாதாரண அசர்ட்டையே பயன்படுத்தினேன். சாக்கெட்டைக் காத்திராத நிலைக்கு மாற்றும் காலை அசர்ட்டின் அடைப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் பிரமாதமாக ஓடியது. வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில், அசர்ட்டுகளை நீக்கும் என்டீபக் போட்டதும் அசர்ட் மறைந்தது, கூடவே உள்ளே இருந்த காலும் மறைந்தது. சாக்கெட் காத்திருக்கும் நிலையிலேயே இருந்துவிட்டது; ஒரு கிளையன்ட் பேசாமல் உட்கார்ந்தால் சர்வர் மொத்தமும் அதற்காகக் காத்துக் கிடந்தது. எல்லாப் பாடப்புத்தகமும் எச்சரிக்கிற தப்பு. படித்தும் இருக்கிறேன், செய்தும் இருக்கிறேன்.

அதனால் சொந்தமாக மேக்ரோ எழுதினேன். ரிலீஸிலும் மறையாது. தோற்றால் ஃபைல் பெயர், வரி எண், பிழையின் உரை மூன்றையும் அச்சிட்டு அபார்ட் ஆகிவிடும், அதாவது நிரல் அங்கேயே நின்றுவிடும். ஜீரோஎம்க்யூ என்ற செய்தி அனுப்பும் லைப்ரரியின் கோடை (code) புரட்டியபோது அங்கே இதே வேலைக்குப் பல மேக்ரோக்கள் இருப்பதைப் பார்த்தேன்: எர்நோவுக்கு ஒன்று, வின்சாக்குக்கு ஒன்று, கெட்அட்ரஇன்ஃபோவுக்கு ஒன்று, பிழையை நேராகத் திருப்பித் தரும் பிதிரெட் வகைக்கு (த்ரெட்களுக்கான ஃபங்ஷன்கள்) ஒன்று, நினைவகம் கிடைக்காமல் போனதற்கு ஒன்று. மிகையாகத் தோன்றியது. ‘சக்ஸஸ்’ லாக்கை நினைத்துக்கொண்டதும் நானும் நான்கு எழுதினேன்.

மேக்ரோ கையில் வந்ததும் கை சும்மா இருக்குமா? கால் தோற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு அசர்ட். அதில் ஒன்று, புது இணைப்பை ஏற்ற கையோடு நேகிள் முறையை (சின்னத் தரவுகளைச் சேர்த்து வைத்து அனுப்புவது) அணைக்கும் செட்சாக்ஆப்ட் காலுக்கு, அதாவது சாக்கெட்டின் ஆப்ஷனை மாற்றும் காலுக்கு. சரியான சாக்கெட், சரியான ஆப்ஷன், சரியான அளவு. இது தோற்க என்ன காரணம் இருக்க முடியும்?

இணைத்து உடனே வெட்டுகிற ஒரு சோதனை வைத்திருந்தேன். லினக்ஸில் இரவெல்லாம் ஓடியது. மேக்கில் தொடங்கிய சற்று நேரத்தில் சர்வர் விழுந்தது: பிழை 22, ‘தவறான ஆர்கியூமென்ட்’. ஆர்கியூமென்ட்டை நாலு தடவை சரிபார்த்தேன், தப்பே இல்லை. நான் ஆப்ஷனை வைக்கும் முன்பே எதிர்முனை வெட்டிக்கொண்டு போயிருந்தால், மேக் அதற்கும் இதே 22-ஐத்தான் கொடுக்கிறது. அதாவது என் கோடின் தப்புக்கும், எவரோ ஒருவர் சீக்கிரம் கிளம்பியதற்கும் ஒரே எண். அதைவிட உறுத்தியது வேறு: என் சர்வரை விழ வைக்க ஒருவர் செய்ய வேண்டியதெல்லாம் இணைத்து உடனே வெட்டுவதுதான். கதவை நானே திறந்து வைத்திருந்தேன். ஜீரோஎம்க்யூவில் இப்படிப்பட்ட இடங்களுக்கு, ‘மீளக்கூடிய பிழையா’ என்று சாக்கெட்டையே கேட்டுவிட்டு அசர்ட் செய்யும் தனி ஃபங்ஷன் உண்டு. அதை முன்பே பார்த்திருந்தேன். எதற்கென்று புரியாமல் கடந்து போயிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு அசர்ட்டாக எடுத்து ஒரே கேள்வி: எதிர்முனையில் இருப்பவரோ, நடுவில் இருக்கும் கம்பியோ இதை வரவழைக்க முடியுமா? முடியும் என்றால் அசர்ட் போய்விடும், பிழையாகத் திருப்பித் தரப்படும். மூடிய சாக்கெட்டில் எழுதுவது, சாக்கெட்டே அல்லாத ஒன்றைக் கொடுப்பது போன்றவை என் தப்பு. அங்கே அபார்ட் ஆகட்டும். பாதிக்கு மேல் கழன்றன.

கேள்விக்குப் பிடிபடாதவையும் உண்டு. புது இணைப்பை ஏற்கும் அக்செப்ட்டைக் கூப்பிடும்போது ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைல், சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தரும் எண்) தீர்ந்துபோனால் அது யார் தப்பு? அசர்ட்டை எடுத்துவிட்டுப் பிழையாகத் திருப்பினேன். சர்வர் விழவில்லை, ஆனால் அந்த இணைப்பு வரிசையிலேயே நிற்பதால், சாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் ‘போல்’ (poll) கால் ‘வந்திருக்கிறது, எடு’ என்று உடனுக்குடன் எழுப்ப, சிபியு முழுவதையும் தின்றது. இப்போது கொஞ்ச நேரம் அந்த லிசனரை (புது இணைப்புக்குக் காத்திருக்கும் சாக்கெட்) கவனிக்காமல் விட்டுவிட்டுத் திரும்ப வருகிறேன். யுடிபியில் விண்டோஸ் இன்னொரு வேடிக்கை காட்டியது: யாரும் கேட்காத போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், அடுத்த ரிசீவ் 10054 கொடுக்கிறது. இணைப்பே இல்லாத யுடிபியில் இணைப்பு முறிந்ததாம்! ‘அங்கே யாரும் இல்லை’ என்று திரும்பி வந்த ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தியின் வேலை அது. இந்த நடத்தையை அணைக்க ஒரு ஐஓகண்ட்ரோல் (சாக்கெட்டுக்கான கட்டளை) இருக்கிறது, போட்டுவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: மேக்கில் அதே வெட்டும் சோதனை நேற்று இரவு முழுக்க ஓடியது. லாக்கில் 22 அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது, சர்வர் விழாமல் நிற்கிறது. லினக்ஸில் மட்டும் அபார்ட் செய்தியில் பிழையின் உரை வெறுமையாக வருகிறது. பிழை எண்ணை உரையாக்கும் ஸ்ட்ரெரர்_ஆர் ஃபங்ஷனின் குனு வடிவம் (லினக்ஸில் இருப்பது) நான் கொடுத்த பஃபரை (உரை எழுத ஒதுக்கிய நினைவக இடம்) நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை, உரை இருக்கும் இடத்தைத் திருப்பித் தருகிறது. மேக்கில் இருக்கும் வடிவமோ பஃபரை நிரப்பிவிட்டு ஒரு முழு எண்ணைத் தருகிறது. திரும்பும் வகையைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும்படி இரண்டு ஓவர்லோடு (ஒரே பெயரில் வேறு வகைக்கான ஃபங்ஷன்) எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.