செட்டியாரும் என் சாம்பிள் ஆல்பமும்

கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். இப்போது கல்யாணத்தை விட அதற்கு முந்தைய ப்ரீ வெட்டிங் ஷூட்டில்தான் காசு. அதற்காக நான் போட்ட பேக்கேஜில் ‘ஹெரிடேஜ்’ என்று ஒன்று உண்டு: காலையில் மதுரைத் திருமலை நாயக்கர் மகால் தூண்கள், மாலையில் கீழக்குயில்குடி சமணர் மலை. மகாலில் எல்லோரும் எடுக்கிறார்கள், அங்கே புதிதாக ஒன்றும் கிடைக்காது. மலைதான் என் சரக்கு.

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்பொடவு. பொடவு என்றால் குகை. வாயிலிலேயே முக்குடைக்கு, அதாவது பாறையில் செதுக்கிய மூன்றடுக்குக் குடைக்குக் கீழே ஆளுயரத்தையும் மிஞ்சி ஒருவர் தியானத்தில் அமர்ந்திருப்பார். சாயங்கால வெயில் அந்தப் பாறையில் படும்போது லைட்டே வேண்டாம். என் நோட்டீஸில் அந்த இடத்தின் பெயர் ‘புத்தர் குகை’. நான்தான் அச்சடித்தேன். ஐநூறு பிரதி.

போன ஆடியில் ஒரு ஜோடி. மாப்பிள்ளையைச் சிலைக்கு முன்னால் கூலிங்கிளாஸோடு சம்மணம் போட்டு உட்கார வைத்து, பெண்ணைப் பின்னால் நிறுத்தி, கலர் புகை கொளுத்தச் சொல்லியிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா அருகில் வந்தார்.

“செருப்பக் கழட்டிட்டு நில்லுங்கய்யா. செட்டியாரு இருக்காருல்ல.”

“எந்தச் செட்டியாரு அப்பத்தா?”

“அந்தா, உக்காந்திருக்காருல்ல.”

என் உதவியாளப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் புத்தரும் இல்லை, செட்டியாரும் இல்லை, மகாவீரர். வீடு வாசல் எல்லாவற்றையும் துறந்து போனவர். அவரைத்தான் நான் கல்யாண ஆல்பத்துக்குப் பின்னணியாக விற்றுக்கொண்டிருந்தேன். பெயரை அந்த அப்பத்தாவும்தான் தப்பாகச் சொன்னார். ஆனால் அவருக்கு அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார், எனக்கு ஒரு பாறை.

பையனிடம் இதைச் சொன்னால் அவன் மடக்கினான்: “புது மண்டபத்துல தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடுச்சே, அது மட்டும் வியாபாரம் இல்லையாண்ணே?”

நியாயமான கேள்விதான். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் அந்தப் பழைய மண்டபத்தில், கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும்வரை அலமாரிக்குப் பின்னால் சிலைகள் மறைந்துதான் கிடந்தன, அதை நல்லது என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் சித்திரைக்கு அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவருக்கு உடுப்பு அங்கேதான் தைத்தார்கள். அந்தத் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சுகிற தோல் பைக்குத் தோப்பறை என்று பெயர்; எங்கள் அப்பா எனக்கு முதல் தோப்பறை வாங்கியதும் அங்கேதான். திருவிழாவுக்கும் அந்தக் கடைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. என் புகைக்கும் மகாவீரருக்கும் என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் கேமரா இல்லாமல் அய்யனார் கோயிலுக்கு மேலே பேச்சிப்பள்ளம் ஏறினேன். சுனைக்குப் பக்கத்தில் வரிசையாகத் திருமேனிகள், கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவை. எனக்குப் படிக்க வராது; படித்தவர்கள் எழுதி வைத்ததைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. துறவியான பிள்ளையின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டுகிற ஒரு அம்மா. அதற்கு மேல் பாறையில் யாரோ ஒரு ஜோடி சுண்ணாம்பால் இதயம் வரைந்து பெயர் எழுதியிருந்தார்கள். என் கஸ்டமர்களாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இருக்கலாம்.

சமணர் மலையை பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டேன். இந்த ஆவணியில் அதனால் இரண்டு ஆர்டர் போயிற்று; ஒருவர், “அந்த புத்தர் இல்லையாண்ணே?” என்று கேட்டுவிட்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த நோட்டீஸை வீட்டில் அலமாரித் தட்டுகளுக்கு விரித்திருக்கிறார்கள். பருப்பு டப்பாவை எடுத்தால் கூலிங்கிளாஸ் மாப்பிள்ளை தெரிகிறார்.