9,89,000 ரூபாய்க்குப் பேசிய கார், பில் போடும்போது பத்து லட்சம் தாண்டிய கதை

வண்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவிநாசி ரோட்டில் அந்த ஷோரூமைத் தாண்டும்போதெல்லாம் இன்னும் வயிறு எரிகிறது. ஆர்டர் போட்டுக் காத்திருந்து கார் எடுக்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும். நாங்கள் கேட்ட வேரியன்ட், வெள்ளை பாடி கருப்புக் கூரையோடு கோயம்புத்தூரில் யாரிடமும் ஸ்டாக் இல்லை. கம்பெனிக்கு ஆர்டர் போட்டு வரவழைக்க பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார்கள். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் 25,000 கட்டி புக் செய்தோம். ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேராத எக்ஸ் ஷோரூம் விலை 9,89,000. டீலர் தள்ளுபடி 20,000. எங்கள் பழைய காருக்கு 2,40,000. ஆக்சஸரீஸ் எதுவும் கட்டாயமில்லை. பேசி முடித்ததை எல்லாம் சேல்ஸ் தம்பி பிரவுச்சரின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டெலிவரி பற்றிப் பேச்சு வந்ததும், "மார்கழில வேண்டாங் கண்ணு, தை பொறந்ததும் எடுத்துக்கறோம்" என்று அம்மா சொன்னார். அந்தப் பேச்சுக்கு நாங்கள் எவ்வளவு கொடுத்தோம் என்று பின்னால் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்து ஜனவரி 17 அன்று, வண்டி வந்துவிட்டது என்று போன் வந்தது. சந்தோஷமாகப் போனோம். எங்களுக்கு புக்கிங் போட்ட தம்பி வேலையை விட்டுப் போய்விட்டாராம். வேறொருவர் புதுக் கொட்டேஷன் ஒன்றை மேஜையில் வைத்தார். எக்ஸ் ஷோரூம் 10,03,000. தள்ளுபடிக்கு நேராக ஒரு கோடு. பழைய வண்டி 2,10,000. ஆக்சஸரீஸ் கிட் 24,500. ஹேண்டிலிங் சார்ஜ் 8,500.

விலை 14,000தானே ஏறியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ரோடு டாக்ஸ் வரியைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரியைக் கூட்டிய பிறகு, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், பத்து லட்சம் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய மூவாயிரத்துக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும் 18. 1,28,570 கட்ட வேண்டிய இடத்தில் 1,80,540. பத்து லட்சம் தாண்டியதால் டிசிஎஸ், அதாவது நம் வருமானவரிக் கணக்கில் டீலர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வரி, ஒரு சதவீதம், 10,030 தனியாக. ஆக 14,000 விலையேற்றம் எங்கள் கணக்கில் 76,000 ஆனது. தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச், கிட், ஹேண்டிலிங் எல்லாம் சேர்த்தால் பேசியதற்கும் கேட்பதற்கும் நடுவே 1,59,000 ரூபாய் வித்தியாசம்.

"புக்கிங் ஃபார்ம்லயே போட்டிருக்கு சார், டெலிவரி அன்னிக்கு என்ன விலையோ அதுதான்" என்றார் மேனேஜர். உண்மைதான், பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. கம்பெனி ஏற்றும் விலைக்கு அந்த வாசகம் அவர்களைக் காப்பாற்றும். ஆனால் தள்ளுபடியும், ஆக்சஸரீஸ் வேண்டாம் என்பதும் டீலர் வாயால் கொடுத்த வார்த்தை. அதற்கும் அந்தப் பொடி எழுத்துக்கும் சம்பந்தமில்லை. பிரவுச்சரை எடுத்து நீட்டினேன். "இதுல எங்க சீல் இல்லையே சார்." புக்கிங் ஃபார்மில் சலுகை என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நான் அன்றைக்கே பார்த்து நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்) திங்கட்கிழமை இருப்பார், அவரிடம் பேசுங்கள் என்றார்கள். லீவு போட்டுப் போய் மத்தியானம் வரை உட்கார்ந்தேன். அவர் சென்னை மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்று ஒன்றரை மணிக்குச் சொன்னார்கள். அப்படியே பேங்குக்குப் போனால், பழைய கொட்டேஷனுக்குத்தான் லோன் சாங்ஷன் ஆகியிருக்கிறது, தொகை மாறினால் புதிதாக அப்ளை செய்யுங்கள் என்றார்கள். கேன்சல் செய்தால் அட்வான்ஸில் பிடித்தம். வேறு டீலரிடம் போனால் மறுபடி மூன்று மாதம், அதுவும் புது விலைக்கு. இது தெரிந்துதான் இப்படி நெருக்குகிறார்கள்.

திருப்பம், டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் வந்தது. பணம் கட்டுமுன் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நீலாம்பூர் தாண்டி ஒரு பொட்டல் காடு. பானெட் மேல் விரலால் எழுதினால் எழுத்துத் தெரியும் அளவுக்குப் புழுதி, கூரையில் காய்ந்துபோன காக்கா எச்சம். நேற்று வந்த வண்டி இப்படி இருக்காது. கதவைத் திறந்தால் டேஷ்போர்டு மேல் ஒரு மஞ்சள் சீட்டு, வெயிலில் ஓரம் சுருண்டு கிடந்தது. டிரெய்லரில் வந்து இறங்கியபோது போட்ட கேட் பாஸ். தேதி 26.12.2024. கீழே எங்கள் வண்டியின் சேசிஸ் நம்பர். சத்தமில்லாமல் நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

புது விலை ஜனவரி முதல் தேதியிலிருந்துதான். வண்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. மேனேஜரிடம் கேட்டால், "மார்கழில எடுக்க மாட்டேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க, அதான் கூப்பிடல" என்கிறார்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பில் போடுவது வேறு, சாவி வாங்குவது வேறு. டிசம்பரில் பில் போட்டு, வரி கட்டி, ரிஜிஸ்டர் செய்துவிட்டு, வண்டியைத் தை மாதம் நல்ல நாள் பார்த்து எடுத்திருக்கலாம். பழைய விலை, 13 சதவீத வரி. ஆர்சியில் 2024 என்று விழுந்தால் பின்னால் விற்கும்போது விலை குறையும் என்பார்கள். டீலர் தரும் விற்பனைச் சான்றான எங்கள் ஃபார்ம் 21-ல் வண்டி தயாரித்த மாதம் 2024 டிசம்பர் என்றுதானே இருக்கிறது, ஜனவரி வரை நின்றதில் அந்த லாபமும் இல்லை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் ஜனவரியில் விலை ஏற்றுகின்றன. மார்கழியும் அதே சமயத்தில் வருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் புக் செய்கிறவர்கள், "வண்டி யார்டுக்கு வந்த அன்றே சொல்லுங்கள், பில் எப்போது என்று நாங்கள் முடிவு செய்கிறோம்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அன்று ராத்திரியே கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் எழுதினேன். ரசீது, கேட் பாஸ் போட்டோ, பிரவுச்சர் மூன்றையும் சேர்த்தேன். இவற்றோடு பழைய வாட்ஸ்அப்பில் தேடியபோது கிடைத்த ஒரு மெசேஜும். வேலையை விட்டுப் போன தம்பி ஷோரூம் நம்பரிலிருந்தே அனுப்பியது: "சார் 20000 டிஸ்கவுண்ட் கன்ஃபர்ம், நோ ஆக்சஸரீஸ்." சீல் இல்லாத பிரவுச்சரை விட இந்த ஒரு வரிதான் காப்பாற்றியது. மறுநாள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, அந்த நம்பரையும் மெயிலில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் கம்பெனியின் ஏரியா ஆபீசிலிருந்து போன். அதற்கடுத்த நாள், சென்னைக்குப் போயிருந்த ஜிஎம் அவராகவே கூப்பிட்டார். தள்ளுபடி 20,000 திரும்பி வந்தது. கிட், ஹேண்டிலிங் இரண்டும் போயின. விலையேற்றம் 14,000-ஐயும் தங்கள் கணக்கில் கழிப்பதாக எழுதி, இந்த முறை சீல் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் பில் விலை 10,03,000தான், அதை மாற்ற முடியாது என்றார்கள். வரி வித்தியாசம் 51,970 போனது போனதுதான். நினைக்க நினைக்க ஆறவில்லை.

டிசிஎஸ் 10,030 வருமானவரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். பில்லில் பான் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் ஃபார்ம் 26ஏஎஸ்-ல் ஏறியதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸை அங்கேயே போட வேண்டும் என்று கடைசி வரை அழுத்தினார்கள். எங்கே போடுவது என்பது நம் விருப்பம். மூன்று வருட தேர்டு பார்ட்டியோடு, அதே ஐடிவிக்கு (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அவர்கள் 58,000 சொன்னதை வெளியில் 41,500-க்கு முடித்தேன். பழைய காரை எங்கள் மெக்கானிக் அண்ணன் மூலமாக 2,45,000-க்குக் கொடுத்தேன். முதலில் பேசியதைவிட ஐயாயிரம் கூடுதல்.

சாவி கொடுத்த அன்று அந்தப் புது சேல்ஸ் பையன் வாசல்வரை வந்து, "கம்பெனியில இருந்து ஃபீட்பேக் கால் வரும், 10க்கு 10 குடுத்துருங்க சார்" என்று கெஞ்சினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கால் போன வாரம் வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட் பாஸ் தேதியை அந்தப் பெண் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.