வார்த்தை வராத நாட்களில் ஜெபம்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிவிட்டது. மாலை ஆராதனைக்குப் போக முடியவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து முடிக்கவே ஏழரை ஆகிவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இந்த லெந்து முழுவதும் முடிந்தபோதெல்லாம் எழுதி இங்கே பதியலாம் என்றிருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்களைப் போன்ற வீடுகளில் லெந்து என்றால் கறி மீன் கிடையாது, கல்யாணம் வைக்க மாட்டார்கள், சாயங்காலம் குடும்ப ஜெபம் கொஞ்சம் நீளும். எனக்கு இந்த வருடம் ஜெபமே கைவிட்டுப் போனதுபோல இருக்கிறது. முழங்காலில் நின்று "ஆண்டவரே" என்று தொடங்குகிறேன். அதற்கு மேல் என்ன சொல்ல? ஜனவரியிலிருந்து கேட்பது ஒரே விஷயம்தான். அது அவருக்குத் தெரியாதா?

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்குச் சிலர் வந்தார்கள். பாசமாகத்தான் வந்தார்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள், அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். போகும்போது ஒருவர் அம்மாவிடம், "விசுவாசத்தோட கேளுங்க அக்கா, அண்ணன் எழும்பி நடப்பாங்க. நடக்கலைன்னா எங்கேயோ தடை இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது, "நாம என்ன தடை வச்சிருக்கோம்ட்டி?" என்று கேட்டாள். ஐம்பது வருடம் கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் காணிக்கையாகக் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தவள் கேட்கிற கேள்வி இது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

படுக்கும் முன் வேதத்தில் மாற்கு 9-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மகனுக்கு வலிப்பு என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் வருகிறான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். முழுசாக விசுவாசம் வந்த பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் எழுந்து நிற்கிறான். காலையில் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

சம்பளம் இன்னும் போடவில்லை. பள்ளியில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். பிசியோதெரபிஸ்டுக்கு வாரக் கணக்கு, அடல்ட் டயப்பர், ரத்த அழுத்த மாத்திரை. தம்பி அனுப்பியதில் ஓடுகிறது. இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. அதனால் வலது கை, வலது கால் போனதோடு பேச்சும் போயிற்று. இதற்கு அஃபேசியா என்று பெயர். நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. அவருக்குச் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. ஆனால் சொல் வெளியே வராது. தண்ணீர் வேண்டுமென்றால் "அது... அது..." என்பார். நமக்குப் புரியாவிட்டால் கோபம் வரும், பிறகு அழுவார். எங்கள் அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். பொறுமையான பிள்ளை. முதலில் "ஒன்று, இரண்டு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். அப்பா "மூணு, நாலு, அஞ்சு" என்று போய்க்கொண்டே இருந்தார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் கிழமைகள். அதுவும் வந்தது. "ஐயாவுக்குச் சின்ன வயசிலிருந்தே மனப்பாடமா வேறென்ன தெரியும்?" என்று கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள்:

"பரமண்டலங்களிலிருக்கிற..."

அப்பா கண்ணை மூடினார். இடது கையால் வலது கையைத் தூக்கினார். அது தானாக வராது, கனமாகத் தொங்கும். அதை மடிமேல் இழுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கை கூப்பினார். "எங்கள் பிதாவே" என்றார். குழறல்தான், எச்சில் வலது ஓரமாக வழிந்தது. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக." நடுவில் இரண்டு இடத்தில் தட்டினார், அம்மா ஒரு எழுத்து எடுத்துக் கொடுத்ததும் தொடர்ந்தார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பது மட்டும் தெளிவாக வந்தது. ஆமென் வரைக்கும் சொன்னார்.

முடித்ததும் டம்ளரைக் காட்டி "அது... அது..." என்றார்.

மார்ச் 20, வியாழன்

இரவெல்லாம் ஒரே கேள்வி. இது அற்புதம் இல்லை என்று அந்தப் பெண் நேர்மையாகவே சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிற வாக்கியம் ஒரு வழியில் வருகிறது, ஆண்டாண்டாகச் சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, எண்ணிக்கையெல்லாம் வேறு வழியில் வருகின்றன, அந்த வழி பல நோயாளிகளுக்கு அடிபடாமல் தப்பிவிடும் என்றாள். எந்த மதத்துக்காரருக்கும் இப்படி நடக்கும், சினிமாப் பாட்டு பாடுகிறவர்களும் உண்டாம்.

அப்படியானால் நேற்று நான் கேட்டது ஜெபமா, பழக்கத்தில் வந்த சத்தமா?

எனக்குக் கிடைத்த பதில், அந்தக் கை. வலது கையை இழுத்து வைத்துக் கூப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எதைச் சொல்லப் போகிறோம், யாரிடம் சொல்லப் போகிறோம் என்று தெரிந்த ஆள்தான் அப்படிச் செய்வார். மூளையில் எந்த வழியாக வந்தாலென்ன? அந்த வழியைப் போட்டு வைத்தவர்கள் உண்டு. 1950-களின் கடைசியில், ஏதோ ஒரு கிராமத்து ஓய்வுநாள் பாடசாலையில், பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்த ஒரு வாத்தியார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த நாளுக்காகத்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. தேவனுடைய கிருபை இப்படி மனுஷர் கைமாறி வருவதை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

எனக்குச் சொந்த வார்த்தை வராததால், இந்த வாரம் முழுக்க வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளான சங்கீதங்களையே ஜெபமாக வாசித்தேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் நேராகக் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் அதையும் தாண்டிவிடுகிறது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கையோ துதியோ சொல்லி முடியும். இது "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிகிறது. பிரச்சினை தீராமலே முடிகிற ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சாட்சிக் கூட்டங்களில் சுகமானவர்களைத்தான் மேடையேற்றுகிறோம். 88-ஆம் சங்கீதக்காரனுக்கு நம் கூட்டங்களில் இடமில்லை, வேதத்தில் இருக்கிறது.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலையும் நினைத்துக்கொண்டேன். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, திக்கற்ற பிள்ளைகளுக்காக நம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டவர். 1931-இல் விழுந்து காயப்பட்டார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையிலேயேதான் கிடந்தார். அந்த அறையிலிருந்துதான் நிறைய எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு, வீட்டில் தடை என்று யாராவது சொல்வார்களா? கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த இடத்தில் பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியும் தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லும்தான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நல்லா ஞாபகப்படுத்தினே" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மோசமான ராத்திரி. அப்பாவுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. புரையேறியதாக இருக்குமோ என்று பயம். விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஜெபிக்கத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஐந்து மணிக்கே பிளாஸ்கில் கருப்பட்டிக் காபி கொண்டுவந்து, "நீ போய்க் கொஞ்சம் படு, நான் பார்த்துக்கிடுதேன்" என்றார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோதும் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். சாப்பிட வைத்து, திரும்பவும் தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம்.

மருத்துவர் பார்த்துவிட்டார், ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். நுரையீரலில் பெரிதாக ஒன்றும் இல்லையாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

காய்ச்சல் விட்டது. சம்பளத்தில் பாதி வந்திருக்கிறது. கோயிலிலிருந்து ஓலை கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா இடது கையால் மடித்துச் சிலுவை செய்யப் பார்த்தார். முடியவில்லை. அம்மா மற்ற முனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை. பெரியம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டதால் முழுவதும் இருக்க முடிந்தது.

நான்காம் வார்த்தைக்கு எங்கள் போதகரான சேகரகுரு பேசினார். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஏழாம் வார்த்தையான "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பதும் 31-ஆம் சங்கீதம். இதெல்லாம் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த விஷயம்தான். இன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. மூச்சுத் திணறும் வேளையில் இயேசுவும் புதிதாக வார்த்தை தேடவில்லை. சின்ன வயதில் நாசரேத்து வீட்டிலும் ஜெப ஆலயத்திலும் கேட்டு வளர்ந்த வரிகள் அவர் வாய்க்கு வந்தன. தேவன் கைவிட்டாரே என்ற கேள்வியையும் அவர் அந்த வரிகளை வைத்தே, அந்தத் தேவனிடமே கேட்டார். எங்கள் வீட்டுக் கட்டிலில் நடப்பதும் இதுதானே. ஓரமாக உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, பெரிய வெள்ளியில் எல்லோரும்தான் அழுகிறார்கள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்குத் தம்பி அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தான். லீவு போட்டு வந்திருக்கிறான். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சொன்னபோது அப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டம், சத்தம், அதில் திகைத்துப்போனார். பாடல் தொடங்கியதும் ராகத்தைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மத்தேயு 28 வாசித்தேன். உயிர்த்த ஆண்டவரைச் சீஷர்கள் கலிலேயா மலையில் பார்க்கிறார்கள், பணிந்துகொள்கிறார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." கண்ணால் பார்த்துக்கொண்டே! அதற்கு அடுத்து இயேசு அவர்களைப் பிரித்து நிறுத்தவில்லை. எல்லோரையும் பார்த்துத்தான் புறப்பட்டுப் போங்கள் என்கிறார், உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் உங்களுடனேகூட இருக்கிறேன் என்கிறார். சந்தேகப்பட்டவர்களுக்கும் அந்த வாக்குத்தத்தம் உண்டு. நான் அதை எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

இதை வாசிக்கும் யார் வீட்டிலாவது இப்படிப் பேச்சு போனவர் இருந்தால், எங்களுக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். டிவியை அணைத்துவிடுங்கள். முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த வசனத்தையோ பாட்டையோ மெதுவாகத் தொடங்கி, வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள். நமக்கு அவசரம் வரும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். வராத நாளில் விட்டுவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம்.

நாங்கள் இப்போது 23-ஆம் சங்கீதம் செய்கிறோம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று அம்மா சொன்னால், "நான் தாழ்ச்சியடையேன்" வந்துவிடுகிறது. மூன்றாம் வசனத்தில் தட்டுகிறது. தெரபிஸ்ட் வெள்ளிக்கிழமை வருவாள், அடுத்து "தண்ணி" என்ற சொல்லை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறாள்.