மேனிஃபோல்டு மாற்றும் நாட்கள்

பிப்ரவரி 4
இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டை மாற்றப் போகிறேன். இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 6
ரன்னர் நீளம், ரன்னர் நீளம். ரன்னர் என்பது மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் குழாய். படுத்தாலும் அதே நினைப்பு. இன்டேக் வால்வு மூடியதும் குழாய்க்குள் ஓடிவந்த காற்று முட்டி நிற்கிறது. அந்த அழுத்தம் அலையாகப் பின்னால் போய், குழாய்கள் சேரும் காற்றறையான பிளீனத்தைத் தொட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தில் வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்குக் கூடுதல் காற்று. குழாய் நீளமென்றால் அலை வர நேரமாகும், அதனால் பலன் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது. குட்டையென்றால் மேலே. வாங்கியிருப்பது குட்டை. ஆனால் நான் ஓட்டுவது பெரும்பாலும் 2000-க்கும் 3500-க்கும் நடுவில்தானே! 1991-இல் லு மான் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி-யில், ஓடும்போதே குழாயின் நீளம் மாறும். அதை நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 7
அண்ணன் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆள் நிறைய ஏத்திட்டுப் போனா மேடு ஏறுமாடா?"

பிப்ரவரி 9
கேஸ்கெட் வந்துவிட்டது! பழைய மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்துகிறது. புதிய மேனிஃபோல்டின் வாய்தான் ஒரு போர்ட்டில் (காற்று நுழையும் துளையில்) ஹெட்டைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே போகும் காற்று ஹெட்டின் விளிம்பில் நேராக மோதும். மேனிஃபோல்டு வாய் சின்னதாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படி இருக்கக் கூடாது. மார்க்கர் பூசி, கேஸ்கெட்டை வைத்துக் கீறி, ஹெட்டின் விளிம்பை மெதுவாகத் தேய்க்க வேண்டும். போர்ட்டுக்குள் துணி அடைத்துவிட்டுத்தான். ஒரு தூள் உள்ளே விழுந்தாலும் போச்சு.

பிப்ரவரி 11
கழற்றிய பழையதைச் சுத்தம் செய்தேன். உள்ளே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்ததும் பளபளவென்று வழுவழுப்பு. பிளாஸ்டிக் என்று இதை மட்டமாகப் பேசுகிறார்கள். எடை குறைவு, இன்ஜின் சூட்டையும் அவ்வளவாக வாங்காது. புதிய அலுமினியம் நன்றாகவே வாங்கும்.

பிப்ரவரி 12
புதியதை மாட்டி, நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக முறுக்கினேன். குறித்த இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்றது. மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

பிப்ரவரி 13
ஐடிலிங் ஏறி இறங்குகிறது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் எரிபொருளின் சதவீதம், ஐடிலிங்கில் +18. 2500-க்கு ஏற்றினால் +4. எங்கோ காற்றை இழுக்கிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம், அதில் கசிவு பெரிதாகத் தெரியும்; ஆர்பிஎம் ஏறினால் கரைந்துவிடும். கேஸ்கெட்டாக மட்டும் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 14
அந்த ஸ்ஸ்.

பிப்ரவரி 16
கசிவைத் தேடப் புகை விட்டுப் பார்த்தோம். பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகும் குழாயின் முனையிலிருந்து நூல் மாதிரி எழும்பியது. பழைய ரப்பர், இறுகி வெடித்திருக்கிறது. கேஸ்கெட் பத்திரம்! குழாயை மாற்றியதும் டிரிம் +3.

பிப்ரவரி 18
ஓட்டினேன். 4500-க்கு மேல் மூச்சு விரிந்த மாதிரி ஓடுகிறது, அப்படி ஒரு வேகத்தை இந்த வண்டியில் பார்த்ததே இல்லை. அப்புறம் மேட்டில், மூன்றாம் கியர், 2000. இழுவை குறைந்திருக்கிறது. இரண்டு முறை திரும்பிப் போய் ஏறினேன். குறைந்துதான் இருக்கிறது.

பிப்ரவரி 19
அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

பிப்ரவரி 21
இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ இன்னும் பழைய மேனிஃபோல்டின் கணக்கில்தான் எரிபொருள் விடுகிறது, இக்னிஷன் டைமிங்கும் அப்படியே. டியூன் செய்தால் கீழே கொஞ்சம் மீளலாம். முழுதாக மீளாது, குழாயின் நீளத்தை டியூனிங் மாற்றிவிடாதே. நாளை காலை, வண்டியின் சக்தியை அளக்கும் டைனோவில் நேரம் கிடைத்திருக்கிறது. பழைய மேனிஃபோல்டையும் டிக்கியில் ஏற்றிவிட்டேன்.