சித்திக்கு ஒரு தொப்பி

ஏற்காட்டில் இருக்கும் சித்திக்குப் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணை முழுக்க முடி. மொட்டை அடித்துக்கொண்டார். மலைக்குளிர் வெறும் தலையில் எப்படி இறங்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. ராத்திரி துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பார், அது நழுவி விழும்.

வீட்டில் இருந்த கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்னிக் கொண்டுபோனேன். போட்ட அஞ்சு நிமிஷத்தில் கழற்றிவிட்டார். "முள்ளு மாதிரி குத்துது கண்ணு." கீமோ சமயத்தில் தலைத்தோல் தொட்டாலே கூசும். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

சேலத்தில் நாலு கடை ஏறி இறங்கிப் பருத்தி நூல் வாங்கினேன், ஒவ்வொரு கண்டையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து. முடி இல்லாத தலைக்கு அளவும் கொஞ்சம் சின்னதாக வேண்டும், அதனால் கண்ணிகளைக் குறைத்தேன். வட்டமாகவே பின்னினால் உள்ளே தையல் வராது, உறுத்தாது. காதும் பிடரியும் மூடும் அளவுக்கு இறக்கிப் பின்னினேன். வாசனையே குமட்டும் என்பதால் மணமில்லாத சோப்பில் அலசிக் காயவைத்தேன்.

சித்தி இரண்டு கையாலும் தொப்பியை இழுத்துவிட்டு, காதைத் தடவிப் பார்த்தார். அன்று ராத்திரி கழற்றவே இல்லை.

அடுத்த கீமோவுக்குப் போனபோது பக்கத்துக் கட்டில் அக்கா, "எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாராம். சரி என்று ஆரம்பித்தது, இப்போது ஒன்பதாவது தொப்பி பின்னல் ஊசியில் இருக்கிறது. சேலம் வெயிலில் இருப்பவர்களுக்கு இன்னும் மெல்லிய நூல் வேண்டும். மீந்த பருத்தி நூல் வைத்திருப்பவர்கள், பின்னத் தெரிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.