எங்கள் சாமி நடத்தி வைத்த திருமணம்

என் மகளின் திருமணத்தை எங்கள் சாமிதான் (கத்தோலிக்கக் குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நடத்தி வைக்க வேண்டும் என்பது வீட்டில் எப்போதோ முடிவான விஷயம். தூத்துக்குடி மறைமாவட்டத்து (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) கடற்கரைப் பங்கு ஒன்றில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில், பூசையில் குருவானவருக்கு உதவும் பீடச் சிறுவனாக நான் இருந்த காலத்தில் பங்குத்தந்தையாக வந்தவர் அவர். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விட்டார். பழைய பங்கில் தலையிடக் கூடாது என்பதில் கறாரானவர். ஊர்த் திருவிழாவுக்குக்கூட அழைத்தால்தான் வருவார். ஆனால் என் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததே இல்லை. அப்பா இறந்தபோது அடக்கப் பூசைக்கு வந்தவர், பீடத்துக்குப் போகாமல் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது 75 வயதைத் தாண்டி, ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் இருக்கிறார். நாங்கள் சென்னையில். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே, “முதல்ல உங்க பங்குச் சாமியைப் போய்ப் பாரு. அவர் சம்மதிச்சா நான் வாரேன்” என்றார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு பங்கின் எல்லைக்குள் திருமணம் நடத்தும் அதிகாரம் அங்குள்ள பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் உரியது. வெளியிலிருந்து வரும் குருவானவருக்கு அவர்கள் அதை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1108, 1111 எண்களில் இது இருக்கிறது. கொடுக்காவிட்டால், பூசை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் திருமணமே செல்லாமல் போகலாம். எழுத்தில் வாங்கிவிடுங்கள். பல குருக்கள் சேர்ந்து பூசை வைக்கும் கூட்டுத் திருப்பலியில் கலந்துகொள்ள மட்டும் என்றால் இது தேவையில்லை. மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுபவருக்குத்தான் வேண்டும்.

ஞானஸ்நானச் சான்றிதழும் பழையது ஆகாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்டார்கள். உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அந்தப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். புதிதாக எடுத்தால்தான் ஏற்கெனவே திருமணம் ஆனதா இல்லையா என்று தெரியும். மகளுக்கு ஞானஸ்நானம் என் மனைவியின் ஊர்க் கோயிலில். உபதேசியார் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். கொடுத்தவர் பெயரில் எங்கள் சாமியின் சாய்ந்த கையெழுத்து. கீழே, ‘பங்குத்தந்தையின் அனுமதியோடு’ என்று பொடி எழுத்தில் அவரே எழுதியிருந்தார். அன்றைக்கும் கேட்டுத்தான் வந்திருக்கிறார். எனக்கு இதுவரை தெரியாது.

அப்புறம் திருமணத் தயாரிப்பு வகுப்பு, மணமக்களைத் தனித்தனியே விசாரித்து எழுதுவது, இரண்டு பங்கிலும் ஓலை வாசிப்பது (திருமணம் நடக்கப்போவதைக் கோயிலில் அறிவிப்பது) எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

எங்கள் பங்குத்தந்தைதான் முதலில் தயங்கினார். முன்பின் தெரியாதவரிடம் பொறுப்பைக் கொடுக்க யாருக்கும் யோசனை வரும்; அதில் தப்பில்லை. சாமியே அவரிடம் பேசினார். சீக்கிரமே கடிதம் கைக்கு வந்தது. வேறு மறைமாவட்டம் என்பதால், தான் குருவானவர் என்பதற்குத் தன் ஆயர் கொடுத்த கடிதத்தையும் சாமி யாரும் கேட்காமலே எடுத்து வந்திருந்தார்.

மறையுரையில் என் அப்பாவின் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் என்னால் எதையும் சரியாகக் கேட்க முடியவில்லை. பூசை முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது அனுமதிக் கடிதத்தின் தேதியையும் சேர்த்து எழுதினார்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். திருமணத் தகவல் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய்விட்டதா என்று கேட்டார். “அனுப்பச் சொல்லியிருக்கேன் சாமி” என்றேன். “சொன்னா போதாது. நேர்ல போய்ப் பாரு” என்றார். மறுநாள் காலைப் பூசை முடிந்து அலுவலகத்தில் விசாரித்தேன். தபாலில் போயிருந்தது.