அல்சூர் பரணில் கிடந்த ஓவியங்களுக்குப் பட்டியல் தயாரித்த அனுபவம்

என் சித்தப்பா எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். 1946-இல் பெங்களூரு அல்சூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, மெஜஸ்டிக் பகுதித் திரையரங்குகளுக்கு பேனர் எழுதிய ஒரு பட்டறையில் வண்ணம் குழைக்கும் பையனாகச் சேர்ந்தார்; அங்கே மூத்தவர்கள் கட்டம் போட்டு முகங்களைப் பெரிதாக்குவதைப் பார்த்துப் பார்த்தே கையைப் பழக்கிக்கொண்டார். சித்தி, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதனால் 1979-இல் இருவரும் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். பாரிசின் வடக்குப் புறநகரான சார்செல்லில் குடியிருந்து, ஓய்வு பெறும்வரை ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்த அவர், இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் வரைந்தார். இன்றும் வரைகிறார்.

அங்குள்ள ஒரு பண்பாட்டு மையம் அவருடைய ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்க முன்வந்தபோது, பெங்களூருவில் வரைந்தவற்றுக்கு ஆண்டு, அளவு, ஊடகம், இருக்கும் இடம் ஆகிய விவரங்களுடன் ஒரு பட்டியல் கேட்டார்கள். அந்த ஓவியங்கள் எங்கள் அல்சூர் வீட்டுப் பரணில் பழைய போர்வைகளுக்குள் சுருண்டும், சுவரோடு சாய்ந்தும் கிடந்தன. கல்லூரியில் படித்த ஓவியருக்குச் சேர்க்கைப் பதிவேடும், ஆண்டுக் கண்காட்சி மலரும், ஆசிரியரின் நினைவும் சான்றாக நிற்கும். சித்தப்பாவுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. எது எந்த ஆண்டில் வரைந்தது என்பதற்கு அவருடைய நினைவும் ஓவியங்களின் முதுகும் மட்டுமே சாட்சி.

முதலில் பூஞ்சையைக் கவனிக்க வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கை அறுத்துத் தேய்க்கலாம், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம் என்று உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பழைய ஓவியத்தை வைத்திருப்பவர்கள் இரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் பெங்களூருப் பாதுகாப்பு மையத்தில் விசாரித்தபோது, ஈரமே படக்கூடாது என்றும், முகக்கவசம் அணிந்து மென்மையான தூரிகையால் பூஞ்சையை வேக்குவம் கிளீனரின் வாயை நோக்கித் தள்ள வேண்டும் என்றும், வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருக்கும் ஓவியத்தைத் தொடவே கூடாது என்றும் சொன்னார்கள். சித்தப்பா வரைந்தது கடையில் விற்கும் கேன்வாஸில் அன்று. காடாத் துணியில் வஜ்ரம் என்னும் விலங்குப் பசையைக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் ஜிங்க் வெள்ளை அடித்து வரைந்திருந்தார். இது பேனர்க்காரர்களின் முறை. வஜ்ரம் ஈரத்தை இழுத்து உப்பும், வெயிலில் இறுகும். ஜிங்க் வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மையுடையது. ஆகவே வெடிப்பு கண்டிருந்தவற்றை மையத்தின் நிபுணர்களிடம் விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் நாங்கள் தூசு தட்டினோம்.

அடுத்தது ஆண்டைக் கண்டுபிடிக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாரக் கடைசியில் சித்தப்பாவைக் காணொளி அழைப்பில் அழைத்து, ஒவ்வோர் ஓவியமாகக் காட்டுவேன். முகப்பைக் காட்டினால் அவர் வண்ணத்தைப் பற்றிப் பேசுவார், ஆண்டு வராது. "அதத் திருப்பும்மா, பின்னாடி பாக்கணும்" என்பார். பின்புறச் சட்டத்தில் ஆணி அடித்திருக்கும் விதத்தையும், துணியின் நெசவையும் பார்த்ததும், அதை வரைந்த அறை, அப்போது உடன் வேலை பார்த்தவர், துணி வாங்கிய கடை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். இந்தப் பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டேன்.

நினைவு தடுமாறிய இடங்களில், சட்டம் போட்ட கடைக்காரர் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டு கைகொடுத்தது. ஒரே கடையின் சீட்டு மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் 'பெங்களூர்-8' என்றும் 'மைசூர் மாநிலம்' என்றும் இருந்தது. இன்னொன்றில் 560008 என்ற அஞ்சல் குறியீட்டு எண், ஆனால் மாநிலம் அப்போதும் மைசூர். மூன்றாவதில் அதே எண்ணுடன் கர்நாடகா. ஆறிலக்கக் குறியீட்டு எண் நாட்டில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்று. மாநிலத்தின் பெயர் கர்நாடகா என்று மாறியது 1973 நவம்பர் 1 அன்று. பழைய சீட்டு தீரும்வரை கடைக்காரர் ஒட்டியிருப்பார் என்பதால், சீட்டிலிருந்து 'இதற்கு முன்' என்று முடிவு கட்ட முடியாது. 'இதற்குப் பின்' என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அப்படியே பட்டியலிலும் குறித்தேன்: '1973 நவம்பருக்குப் பின், 1979-க்கு முன்'. நடுவே ஓர் ஆண்டை உத்தேசமாகப் போட்டுவிடலாம் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. உத்தேசம் ஒருமுறை அச்சேறிவிட்டால் பிறகு அதுவே வரலாறாகிவிடும்.

டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படம் எடுத்தபோது, ஏரிக்கரையில் துணி துவைக்கும் பெண்களை வரைந்திருந்த ஓவியத்தின் வானத்துக்கு அடியில் தடித்த பேனர் எழுத்து ஒன்றின் வளைவு மேடாகத் தெரிந்தது. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பேனர் துணியின் மீது வெள்ளையடித்து வரைந்திருக்கிறார். நேரில் நின்று பார்த்தால் வானம் மட்டும்தான் தெரியும்.

அளவு எழுதும்போது அவருடைய இரண்டு வாழ்க்கைகளும் எண்களிலேயே பிரிந்து நின்றன. பெங்களூரு ஓவியங்கள் காடாத் துணியின் அகலத்துக்கேற்ப அடிக் கணக்கில் இருக்கின்றன. பாரிஸ் ஓவியங்கள் பிரெஞ்சுக் கடைகளின் நிலையான அளவுகளில், பெரும்பாலும் '10 ஃபிகர்' எனப்படும் 55×46 சென்டிமீட்டரில் இருக்கின்றன. சின்ன அடுக்ககத்தில் கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே அதற்குமேல் விரிக்க இடமில்லை. அந்தச் சிறிய பரப்பில் அல்சூர் ஏரியைக் குளிர்காலக் கோட்டு போட்டவர்கள் சுற்றிவருவதாக அவர் வரைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ஹென்றி ரூசோ பாரிசில் சுங்கம் வசூலிக்கும் வேலை பார்த்த ஓவியர்; பிரான்சை விட்டு வெளியே போகாமலே, தாவரவியல் பூங்காவைப் பார்த்துக் காடுகளை வரைந்தவர். சித்தப்பாவுக்கு அவர்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனாலும் வாழ்க்கைக் குறிப்பில் அவரோடு ஒப்பிடுவதைவிட, பேனர் பட்டறையில் சித்தப்பாவுக்குத் தொழில் காட்டிய மூத்தவர்களின் பெயர்களை எழுதுவதே முறை என்று வாதாடி, அப்படியே எழுதவைத்தேன். அவர்களுக்கு வேறெங்கும் பதிவு இல்லை.

ஓவியங்களின் படங்களை அச்சிடும் உரிமை குறித்தும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்றுவிட்டாலும், எழுத்து மூலம் மாற்றிக்கொடுக்காதவரை அதன் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். சித்தப்பா செலவுக்காக வரைந்தவை பெரும்பாலும் இறந்துபோன பெரியவர்களின் உருவப்படங்கள். அல்சூர் கடைவீதியில் ஒரு மெஸ்ஸின் கல்லாவுக்கு மேலே, சீரியல் பல்பு மாலைக்குள் இருந்த ஒரு தாத்தாவின் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டாரிடம் விவரம் சொல்லி, கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டே படம் எடுத்தோம்.

அனுப்பும் வேலை அவ்வளவு கடினமாக இல்லை. மூன்று ஓவியங்களை மட்டுமே தேர்ந்தெடுத்தோம். வஜ்ரம் இறுகிய துணியைச் சுருட்டக்கூடாது என்பதால் தட்டையாகவே பெட்டியில் வைத்தோம். மரப் பெட்டி என்றால் வெப்பமூட்டிப் பதப்படுத்திய முத்திரை வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு அது தேவையில்லை. நூறாண்டு ஆகாத, உயிரோடு இருக்கும் ஓவியரின் படைப்பை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுப்பதில்லை. ஆனாலும் பழசாகத் தெரியும் துணியைப் பார்த்துச் சுங்கத்தில் சந்தேகப்படலாம் என்று சரக்கு அனுப்பும் முகவர் எச்சரித்ததால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழுக்குத் தொல்லியல் துறையில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொண்டோம்.

பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் சித்தப்பா கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு பிரதி சார்செல்லில், ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று புதுச்சேரியில் சித்தியின் தம்பியிடம். இன்னும் சேராமல் இருப்பவை அந்த உருவப்படங்கள்தான். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் 1970-களில் வரைந்த தாத்தா பாட்டி படங்கள் இருந்தால், வலது கீழ் மூலையைப் பாருங்கள். கூலிக்கு வரைந்தவற்றில் அவர் பெயர் எழுதுவதில்லை. காவி நிறத்தில் விரல்நக அளவு மீன் ஒன்றை மட்டும் வரைவார்.